முழங்கை நோவும் நமது வேலையும்



அண்மையில் நமது பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து பிந்தி வந்தது. கேட்டோம். அம்மாவால் வாளி தூக்க முடியவில்லை, தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு வருகிறேன் என்றது. அந்தத் தாய் பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறவர். நோவைச் சொன்னால் பேர் வெட்டிவிடுவார்கள் என்று நான்கு மாதம் மறைத்திருக்கிறார்.

நரம்பு பிடித்துவிட்டது என்கிறோம். அது நரம்பல்ல. தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண். கத்தியையோ அலவாங்கையோ இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கிற தசைகள் முழங்கையின் வெளி எலும்பில் இழுக்கின்றன. நாள் முழுக்க இழுத்தால் நாண் நைந்துபோகும். வெளிநாடுகளில் விளையாட்டுக்காகப் பாறையேறுகிறவர்களுக்கும் இதே கோளாறு வருகிறது. அவர்கள் இரண்டு கிழமை ஏறாமல் இருக்கலாம். நமக்கு அடுப்பு எரியவேண்டும்.

ஆகவே வேலையை விடாமல் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். மெல்லிய பிடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கவேண்டி வரும். பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிப்பாக்குங்கள். கத்தியைத் தீட்டி வைத்திருங்கள். வாளியை, மூட்டையை உள்ளங்கை மேலே பார்க்க, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். காலை உரிப்பு என்றால் பிற்பகல் வேறு வேலை கேளுங்கள். தனியே கேட்கத் தயங்கினால் நாங்கள் கூட வருகிறோம்.

முழு ஓய்வு மட்டும் நாணைப் பலப்படுத்தாது. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கை விளிம்புக்கு வெளியே நிற்கட்டும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மற்றக் கையால் உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, தினமும். உட்பக்கம் நோவென்றால் உள்ளங்கை மேலே. கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை கூடினால் தண்ணீரைக் குறையுங்கள். மூன்று மாதம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும்.

ஊசி போட்டால் உடனே சுகம்தான். ஆனால் ஸ்டீரொய்ட் ஊசி போட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் நோ திரும்புவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சின்னவிரல், மோதிரவிரல் விறைத்தாலோ, முழங்கை வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் நடக்கும் விபத்துக் காயத்துக்கு நட்டஈடு தருகிறது. மெல்ல மெல்ல வரும் நோவை நிரூபிப்பது கடினம். அதனால் முதல் நாளே திகதியை எழுதுங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லிக் கிளினிக் கொப்பியில் பதியச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.