ஈயக்குட்டை மணலும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

(குடியிருப்பு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1985-இல் ஈய விலை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மிஞ்சியவை குட்டைகளும் வெள்ளை மணல் மேடுகளும்தான். கழிவு என்று கிடந்த அந்த மணலை இன்று லோரி லோரியாக அள்ளுகிறார்கள். கழுவிச் சலித்தால் சிமெண்டுக் கலவைக்கு ஆகும். சிலிக்கா மிகுந்த மணல் கண்ணாடித் தொழிலுக்குப் போகும். ஆற்றைத் தோண்டுவதைவிட இது நல்லதுதான். நான் எதிர்க்கவில்லை.

ஆனால் எல்லா மேடும் ஒன்றல்ல. பாலோங்கில் மண்ணைத் தண்ணீரோடு ஓடவிட்டால் இலேசான மணல் அடித்துக்கொண்டு போகும். கனமான ஈயத்தாது அடியில் தங்கும். அதோடு வேறு கனமான கருமணலும் தங்கும். ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சும் அதுதான் அமாங். அதிலுள்ள மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. லம்பத்து மணல் வேறு, அமாங் கொட்டகையருகே குவிந்தது வேறு.

புக்கிட் மேராவை மறந்துவிடாதீர்கள். ஏஷியன் ரேர் எர்த் ஆலை அங்கே இந்த மோனசைட்டிலிருந்துதான் அரிய மண் தனிமங்களை எடுத்தது. 1985-இல் ஊர் மக்கள் எட்டுப் பேர் வழக்குத் தொடுத்தார்கள். (அப்போது நான் சிறுபிள்ளை; சட்டம் படித்தபோதுதான் அதைப் பற்றி அறிந்தேன்.) 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கில் தோற்றார்கள், ஆனால் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அதன் கழிவு கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டிருக்கிறது.

ஆலை ஓடத் தொடங்கிய பிறகு அவர்கள் கேட்டார்கள். நாம் லோரி வருமுன் கேட்போம்.

"நிலப்பட்டா இல்லையே, நாங்கள் எப்படிக் கேட்பது?" என்று தயங்குகிறீர்கள். பட்டா கேட்பது ஒரு வழக்கு, ஐயா. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் எந்த மண்ணைக் கிளறுகிறார்கள் என்று கேட்பது வேறு. அதற்குப் பட்டா தேவையில்லை.

மணல் அள்ளுவதற்குத் தேசிய நிலச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதற்கான பாரம் 4சி. லோரியை மறித்துச் சண்டை போடாதீர்கள். நில அலுவலகத்துக்கு மலாயில் கடிதம் எழுதுங்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் உதவுவார்கள். அனுமதி யாருக்கு, எந்த நிலத்துக்கு, அங்கே முன்பு அமாங் கொட்டகை இருந்ததா, கதிரியக்கம் அளந்தார்களா என்று கேளுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கொட்டகை எங்கே இருந்தது என்பது லம்பத்தில் வேலை செய்த நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். பெரிய தாள் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அவர்கள் இப்படி முன்னால் வந்து உட்காரட்டும், அவர்கள் சொல்லச் சொல்ல வரைவோம்.