கானகத்துக் கற்குகைகள்



அப்புத்தளை மலைமுகட்டிலிருந்து தெற்கே நோக்கினால், வானம் தெளிந்த நாளிலே சமவெளி கடலோரம் வரை விரிந்து தோன்றும். அச்சமவெளியின் தென்கிழக்குப் பகுதியிலே, ஊவா மாகாணத்திலும் தென் மாகாணத்திலுமாகப் பரந்து கிடப்பது யால தேசிய வனம். 1938ஆம் ஆண்டு தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பெற்ற அக்கானகத்தை யானைக்கும் சிறுத்தைக்கும் உரிய இடமென்றே நம்மிற் பலர் அறிவர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது பௌத்தத் துறவிகளின் உறைவிடமாகவும் விளங்கிற்று.

அவ்வனத்திலுள்ள சித்துல்பவ்வ என்னும் குன்றுப் பகுதியிலே பழைய தாதுகோபங்களும் கற்குகைகள் பலவும் உள. குகைகள் இயற்கை தந்த பாறை ஒதுக்குகளே. ஆயினும் அவற்றை மனைகளாக்கியது மனிதனின் உளி. மழைநீர் பாறையின் முகத்தைப் பற்றியவாறே உள்ளே வழியும் இயல்புடையது. அதனைத் தடுக்கப் பாறையின் நெற்றியிலே நீண்ட விளிம்பொன்றை வெட்டினர். சிங்களத்திலே இதனைக் கட்டாரம் என்பர். விளிம்பை அடைந்த நீர் உட்செல்லமாட்டாது வெளியே சொட்டிவிடும். பின்னர்ச் சுவரெழுப்பிக் கதவிட்டால் குகை இல்லமாகும். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலே சமண முனிவர் தங்கிய குகைகளிலும் இத்தகைய விளிம்பைக் காணலாம். சமயம் வேறு, மொழி வேறு, கைத்திறன் ஒன்றே.

இத்தகைய குகைகளின் விளிம்பையொட்டிப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. நம் நாட்டின் இத்தகைய கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1970ஆம் ஆண்டு வெளிவந்த நூலிலே தொகுத்தளித்தார். அவற்றுட் பல கூறுவது ஒரே செய்திதான்: இன்னாருடைய இக்குகை, வந்தவரும் இனி வருபவருமாகிய நாற்றிசைச் சங்கத்தார்க்கு அளிக்கப்பட்டது. அளித்தோர் அரசர் மட்டுமல்லர். ஊர்த் தலைவரும், இல்லறத்தாரும், பெண்டிரும் அவருள் அடங்குவர்.

இவ்வெழுத்துகளையும் குறிகளையும் புதையலின் அடையாளமெனக் கருதிப் பாறையைப் பிளப்போர் இன்றும் உளர். அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். எனினும், காவலர் எல்லாக் குகைவாயிலிலும் நிற்றல் இயலுமா? உண்மையை உணர்ந்த உள்ளமே சிறந்த காவல். அக்கல் சொல்வது புதையலை அன்று, கொடையை. ஒருமுறை உடைந்தால் கொடுத்தவர் பெயரும் கொடையின் சான்றும் ஒருங்கே அழியும். மீண்டும் எழுத எவராலும் ஆகாது.

சுற்றுலாச் செல்லும் மாணவர்க்கு ஆசிரியரும் பெற்றோரும் இதனை முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும். பாறையிலே தம் பெயரைக் கீறும் கை, ஆங்குள்ள பெயரைப் படிக்கக் கற்குமாயின், அதுவே கல்வியின் பயன்.