ஆபத்தை எதனால் அளப்பது?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அணு என்றதும் ஹிரோஷிமாவே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. ஆயினும் அணுகுண்டு வேறு. அணுமின் நிலையம் வேறு. அந்நிலையம் ஆபத்தற்றது என்று கூற நான் வரவில்லை. மின்சாரம் தரும் ஒவ்வொரு வழிக்கும் மனிதன் கொடுக்கும் விலையை ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்போம் என்றே கேட்கிறேன்.

1966 ஒக்டோபர் 21ஆந் திகதி, வேல்ஸ் நாட்டின் அபர்வான் என்னுஞ் சிற்றூரில் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமேடு சரிந்து பாடசாலையை மூடியது. மாண்டோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர். 1975இல் சீனாவிலே பன்சியாவோ அணை உடைந்து பல்லாயிரவர் மாண்டனர். 1986இல் செர்னோபில் உலை வெடித்தபோது சில மாதங்களுள் மாண்டோர் ஏறத்தாழ 30 பேர். கடுங் கதிர்வீச்சுக்கு ஆளானோருள் காலப்போக்கில் 4,000 பேர் வரை மாளக்கூடும் என 2005இல் உலக சுகாதார தாபனமும் பிற நிறுவனங்களும் மதிப்பிட்டன.

இவை கண்ணுக்குத் தெரிந்த விபத்துக்கள். நிலக்கரிப் புகையோ ஓசையின்றி நாள்தோறும் நெஞ்சை அரிக்கிறது. விபத்தையும் புகையையும் சேர்த்து ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். நூறு கோடி அலகு மின்சாரத்துக்கு நிலக்கரியால் மாள்வோர் ஏறத்தாழ 25 பேர். எண்ணெயால் 18 பேர். இயற்கை வாயுவால் 3 பேர். நீர்மின்னால் ஒருவருக்குச் சற்று மேல். அணு, காற்று, சூரியன் என்னும் மூன்றினாலும் அவ்வளவு மின்சாரத்துக்கு ஓருயிர்கூடப் போவதில்லை; அதன் சிறு பின்னமே கணக்கில் வருகிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். 2011 மார்ச் 11ஆந் திகதி, யப்பானில் கடல் பொங்கிப் புக்குஷிமா உலைகள் உருகின. கதிர்வீச்சினால் நேர்ந்ததென அரசு ஏற்ற மரணம் ஒன்றே. ஆனால் அவசர அவசரமாக மக்களை அப்புறப்படுத்தியதாலும், அகதி வாழ்வின் துயராலும் அம்மாகாணத்தில் மாண்டோர் ஈராயிரத்துக்கு மேல். அவருட் பெரும்பாலோர் முதியோர். நோயாளியைக் கட்டிலோடு பெயர்த்தெடுக்கும்போது அச்சமும் ஓர் ஆபத்தாகிவிடுகிறது.

அணுவுக்கும் ஒரு கடனுண்டு. அதன் கழிவைப் பல்லாயிரம் ஆண்டுகள் காக்கவேண்டும். பிறவாத சந்ததி அச்சுமையைத் தாங்கவேண்டும். அதையும் தராசில் வைப்பதே நேர்மை.

அன்பர்களே, கடலுக்கு அப்பால் கூடங்குளத்தில் உள்ள உலையை எண்ணி நாம் அஞ்சுகிறோம். நம் நாட்டில் நுரைச்சோலையில் எழும் நிலக்கரிப் புகையை எண்ணி என்றேனும் அஞ்சினோமா? பழகிய ஆபத்தைப் பொறுத்து, பழகாததற்கு மட்டும் நடுங்குவது விவேகமாகாது. அச்சத்தை விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் எப்பக்கம் வேண்டுமாயினும் நில்லுங்கள்.