ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு



மேல்நாட்டுக்கு டாக்டர் பட்டத்திற்குப் படிக்கப் போகிறீர்கள். பிரயாணத்திற்கு நாள் நட்சத்திரம் பார்க்கிறோம். ஆனால் எதை ஆராய்வது என்பதை மட்டும் பிறர் வாய்க்கு விட்டுவிடுகிறோம். இது என்ன நியாயம்?

மேரி கியூரி அம்மையாரைப் பாருங்கள். வார்சா சர்வகலாசாலை அன்று பெண்களைச் சேர்க்கவில்லை. ஆகவே 1891-இல் பாரிசுக்குப் போனார். 1897-இல் ஆராய்ச்சிக்கு விஷயம் தேடவேண்டி வந்தது. அன்று பலரும் எக்ஸ் கதிரின் பின்னே ஓடினார்கள். அம்மையாரோ, 1896-இல் பெக்கரல் கண்டும் அதிகம் பேர் கவனியாது விட்ட யுரேனியக் கதிரை எடுத்துக்கொண்டார். ஏன்? அதைப்பற்றிப் படித்துத் தீர்க்கவேண்டிய ஏடுகள் அதிகமில்லை. உடனே சோதனையில் இறங்கலாம். கிடைத்த இடமோ ஈரம் கசியும் சாமான் அறை. அதற்காக அவர் நிற்கவில்லை. பிறகு கணவர் பியேரும் கூடச் சேர்ந்தார். 1898-இல் பொலோனியமும் ரேடியமும் வெளிப்பட்டன. 1903-இல் பட்டமும் வந்தது. நோபல் பரிசும் வந்தது.

எல்லோரும் போகாத வழியிலேயே போங்கள் என்று நாம் சொல்லவில்லை. "இதை ஏன் எடுத்தாய்?" என்றால் சொல்ல உங்களுக்கே ஒரு காரணம் வேண்டும் என்கிறோம். ஆசிரியர் பேர்போனவர் என்பதும், ஊரார் மெச்சுவார்கள் என்பதும் காரணமாகா. செலவாகப்போவது உங்கள் வயது. ஆகவே முதல் முடிவு உங்கள் அறிவினுடையதாக இருக்கட்டும்.