புடைத்த அரிசியும் புது நெல்லும்

(தலைப்பு: குடும்பத்தோடு பார்த்து மனத்தில் நிற்பவை பழைய படங்களே! புதிய படங்களே! – ‘புதிய படங்களே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் பழம்பெரும் நண்பர்களே! (சிரிப்பு) பழம்பெரும் என்று சொன்னது வயதை இல்லை, அணியைத்தான். தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து, கையில் வடையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே!

நான் எழுந்ததும் முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் கேட்டாங்க: “இவரு தலை நரைச்சிருக்கே, இந்த அணியில எதுக்கு உட்கார்ந்திருக்காரு?” (சிரிப்பு) அம்மா, நரை தலைக்குத்தான், ரசனைக்கு இல்லை. (கைதட்டல்) நான் தமிழ்ப் பேராசிரியர். பழசைப் படித்துப் படித்துப் பிழைக்கிறவன். ஆனால் பழையது போவதும் புதியது வருவதும் குற்றமே இல்லை என்று நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரே சொல்லிவிட்டார். இலக்கணக்காரரே ஒப்புக்கொண்டதை எதிரணி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது!

நடுவர் அவர்களே, நான் மயிலாப்பூரில் வளர்ந்தவன். எங்கள் ஊருக்குக் கோயிலும் கபாலி, தியேட்டரும் கபாலி. (சிரிப்பு) லஸ்ஸில் காமதேனு, தியாகராய நகரில் ராஜகுமாரி, நாகேஷ், அடையாறில் ஈராஸ். இன்றைக்கு இந்தத் தியேட்டர் ஒன்றுகூட இல்லை. நான் ‘திருவிளையாடல்’ பார்த்தது அப்பா தோளில் உட்கார்ந்து. 1965-இல் வந்த படம். நான் பார்த்தது பல வருஷம் கழித்து, மறுபடி போட்டபோது. வகுப்பில் இன்றைக்குக் குறுந்தொகை இரண்டாம் பாட்டு நடத்தினால், “சார், தருமி பாட்டு!” என்று பையன் துள்ளுகிறான். நாகேஷ் எனக்குச் செய்த உதவியை எந்த உரையாசிரியரும் செய்யவில்லை. (கைதட்டல்) ஆகவே, பழைய படத்தைப் பழிக்க நான் வரவில்லை. பெற்ற தாயைப் பழித்துவிட்டு யாராவது பெண்டாட்டியைப் புகழ்வானா? புகழ்ந்தால் ராத்திரி சோறு கிடைக்குமா? (சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “அந்தக் காலத்தில் எல்லாமே நல்ல படம், இந்தக் காலத்தில் எல்லாம் வெட்டு, குத்து, ரத்தம்.” ஐயா, நம் வீட்டு அம்மாக்கள் முறத்தில் அரிசி புடைப்பார்கள். பதர் பறந்து போகும், மணி நிற்கும். காலமும் ஒரு முறம்தான். ஐம்பது, அறுபது வருஷமாகப் புடைத்துப் புடைத்து, ‘காதலிக்க நேரமில்லை’, ‘எதிர்நீச்சல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ என்று மணியான படங்களை நம் கையில் கொடுத்திருக்கிறது. பறந்து போன பதரை நாம் பார்க்கவே இல்லை. 2024-இல் மட்டும் தமிழில் 200-க்கும் மேல் படம் வந்தது. அது களத்தில் கிடக்கும் புது நெல். தூசும் இருக்கும், கல்லும் இருக்கும். புடைத்த அரிசியைப் புடைக்காத நெல்லோடு வைத்து எடை போடுவது எந்த ஊர் நியாயம்? (பலத்த கைதட்டல்)

இன்னொன்று யோசிச்சுப் பாருங்க. எந்தப் பழைய படமும் பிறக்கும்போதே பழைய படமாகப் பிறக்கவில்லை. 1954-இல் ‘அந்த நாள்’ வந்தது. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-ஐப் பின்னணியாக வைத்து எடுத்த படம். சிவாஜி கதாநாயகன். ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. அன்றைக்குச் சரியாக ஓடவில்லை. “பாட்டில்லாம என்னய்யா படம்?” என்று கேட்டார்கள். இன்றைக்கு அதே படத்தை, “அந்தக் காலத்திலேயே எவ்வளவு புதுமை!” என்று எதிரணி மேடையில் மெச்சுகிறது. என் தாத்தாவுக்கோ சிவாஜி படமே புதுப்படம்தான். அவர் 1944-இல் வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படத்தைத் தாண்டி வரவே இல்லை. மூன்று தீபாவளி கண்ட படம் அது! ஆகவே, எதிரணி நண்பர்களே, உங்கள் கட்சியை உங்களுக்கு முன்னால் என் தாத்தாவே பேசிவிட்டார். அவர் பேசியது உங்கள் படங்களுக்கு எதிராக! (சிரிப்பு, கைதட்டல்)

“புதிய படத்தில் தமிழ் இல்லை” என்றார் அம்மையார். 1952-இல் ‘பராசக்தி’யில் கேட்டது மேடைத் தமிழ், கம்பீரமான தமிழ், நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தத் தமிழில் வீட்டில் காப்பி கேட்டுப் பாருங்கள்! (சிரிப்பு) 2022-இல் ‘கடைசி விவசாயி’ வந்தது. கதாநாயகன் நடிகர் இல்லை. நல்லாண்டி என்கிற நிஜமான கிராமத்துப் பெரியவர். படம் திரைக்கு வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். தேசிய விருதில் சிறப்புப் பாராட்டு அவர் மறைவுக்குப் பிறகுதான் வந்தது. அவர் வசனம் பேசவில்லை, மூச்சு விடுகிற மாதிரி பேசினார். அது தமிழ் இல்லையா?

2025-இல் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. இலங்கையிலிருந்து பிழைக்க வழியில்லாமல் சென்னைக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பம், அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்கத் தன்னுடைய தமிழையே மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழன் ஊரில் தமிழன் தன் தமிழை மறைக்கிறான்! அந்தக் குடும்பம் குடிவந்த தெருவில் ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் வாழ்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. இப்போது அடையாறில் பிளாட்டில் குடியிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரும் நானும் லிஃப்டில் ஏறினால் இரண்டு பேரும் மாடி எண்ணையே உற்றுப் பார்ப்போம், ஏதோ பரீட்சை ரிசல்ட் மாதிரி. (சிரிப்பு) படம் பார்த்த மறுநாள் அவர் பெயரைக் கேட்டேன். ஆறு வருஷம் கழித்து!

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஐயா, கையை எடுங்க, ஒரு விஷயம் சொல்லிவிட்டு உட்காருகிறேன். இது மேடைக்காகச் சொல்வது இல்லை.

என் அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. அம்மாவுக்கு ஒரே தம்பி, கும்பகோணத்தில். தாத்தா வீட்டை விற்றதில் பங்குத் தகராறு. பதினேழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அந்தச் சண்டையில் வக்கீல் வீட்டுக்கு நடந்தவன் யார் தெரியுமா? பாசத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிற நான்தான். மாமாவிடம் போனில், “இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க” என்று சொன்னவனும் நான்தான்.

எங்கள் அம்மா ‘பாசமலர்’ எத்தனை தடவை பார்த்திருப்பாங்க? டி.வி.யில் எப்போது போட்டாலும் பார்ப்பாங்க. அண்ணன் தங்கையைப் பார்த்து அழுவாங்க. பக்கத்தில் நானும் அழுவேன். முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, “ரசம் சுட வைக்கட்டுமா?” என்பாங்க. ஒருநாளாவது கும்பகோணத்துக்கு போன் போட்டோமா? இல்லையே! ஏன்? அந்த அண்ணனும் தங்கையும் கோபுரத்துச் சிலைகள். கும்பிட்டோம், கன்னத்தில் போட்டுக்கொண்டோம், வந்துவிட்டோம்.

2024-இல் ‘மெய்யழகன்’ வந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு ராத்திரி என் மகள் அதை வீட்டில் போட்டாள். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்த ஒருவர், இருபது வருஷத்துக்கும் மேலாக ஊர்ப்பக்கம் போகாமல் இருந்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகப் போகிறார். அங்கே ஒரு உறவுக்காரப் பையன் அவர் மேல் உயிரையே வைத்திருக்கிறான். இவருக்கோ அவன் பெயர்கூட நினைவில்லை. இவர் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் அந்தப் பையன் வீட்டில் இன்னும் இருக்கிறது. சண்டை இல்லை, வில்லன் இல்லை. இரண்டு பேர் விடிய விடியப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

அம்மா அழவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தாங்க. பிறகு என் மகளிடம் மெதுவாகச் சொன்னாங்க: “ஏண்டி, என் பழைய டைரியில கும்பகோணத்து நம்பர் இருக்கும். போட்டுக் குடு. உங்கப்பாகிட்ட கேக்காதே.” நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மணி பத்தரை. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார்.

“யாரு?”

“நான்தாண்டா.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மாமா கேட்டார்: “சாப்டியாக்கா?”

பதினேழு வருஷத்துக்கு அப்புறம் அவர் கேட்டது அது ஒன்றுதான். (நீண்ட கைதட்டல்)

வீட்டுப் பங்கு இன்னும் தீரவில்லை நடுவர் அவர்களே. அது தீராமலே போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் போன் அடிக்கிறது. போன மாதம் அம்மா போனை என்னிடம் நீட்டினாங்க. நான் பேராசிரியர், முனைவர், வார்த்தை வரவில்லை. “மாமா, ஒரு தடவை வீட்டுக்கு வாங்க” என்று மட்டும் சொன்னேன். “வாசப்படி மிதிக்கலாமாடா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பழைய படம் நம்மைக் கைகூப்ப வைத்தது. புதிய படம் நம்மைக் கண்ணாடி முன்னால் நிறுத்துகிறது. கும்பிட்ட கை அழகுதான். ஆனால் போனை எடுத்த கை இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த அணியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே, குடும்பத்தோடு பார்த்து மனத்தில் நிற்பவை புதிய படங்களே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள். நீங்கள் எப்படித் தீர்ப்பு சொன்னாலும் சரி, இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாருடைய நம்பராவது பழைய டைரியில் இருந்தால், விளம்பர இடைவேளையில் ஒரு போன் போடுங்க.

(பலத்த கைதட்டல்)