இரு பக்கமும் கேட்போம்

(அறநிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூரில் குடும்பச் சச்சரவு என்றால் நம்மவரில் பலர் முதலில் நாடுவது ஆலய அலுவலகத்தைத்தான். திருமணத்தை நடத்தி வைத்தவர்கள் தீர்வும் சொல்வார்கள் என்ற நம்பிக்கை. வந்தவர்களோ ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். யார் பேச்சை நம்புவது? குடும்ப நலப் பணியில் நான் கண்டறிந்த சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, "இவன் எனக்கு அடிமை" என்றார். கேட்டவர் நகைத்தனர். ஆயினும் திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அவரைப் பித்தர் என்று தள்ளிவிடவில்லை. வழக்கம், ஆவணம், பிறர் கண்ட சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டும்படி கேட்டனர். மூல ஓலையை வாங்கி, சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அதன் பிறகே முடிவு சொன்னார்கள். சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விளைவை நாம் அறிவோம்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. கணவன் மனைவியரில் ஒருவர் மட்டும் மணவிலக்குக் கோரினால், 106ஆம் பிரிவின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, முதலில் சமரசக் குழுவிடம் செல்ல வேண்டும். தேசியப் பதிவிலாகாவின் திருமணத் தீர்ப்பாயம் அத்தகையது. தலைவரும் இரண்டு முதல் நான்கு உறுப்பினர்களும் இருப்பர். இரு தரப்பாருக்கும் பேச வாய்ப்பளிப்பது அவர்கள் கடமை. வேண்டுமானால் மற்றவர்களையும் விசாரிக்கலாம். அனுமதியின்றி வழக்கறிஞர் வர முடியாது.

பல குடும்பங்களில் கண்டதை ஒன்றாக்கிச் சொல்கிறேன். கணவர் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். "மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் கொடுக்கிறேன்" என்கிறார். மனைவியோ, "கல்யாணமானதிலிருந்து அவர் காசை நான் கண்ணால் பார்த்ததில்லை" என்கிறார். ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதானே தோன்றும்? மாமியாரிடம் தனியே பேசினால் விஷயம் தெளிவாகிறது. மகன் பணத்தை அம்மா கையில் கொடுக்கிறார். அது தம்பியின் கார் தவணைக்குப் போகிறது. இருவர் சொன்னதும் மெய். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தாம் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துக் கேளுங்கள். "இது நீங்கள் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, நீங்களாக ஊகித்ததா?" என்று பிரித்துக் கேளுங்கள். வங்கிக் கணக்கு, ரசீது போன்றவை இருந்தால் பாருங்கள். ஒருவர் அந்தரங்கமாகச் சொன்னதை மற்றவரிடம் கொண்டு போகாதீர்கள். இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வினி பலாசோலி குழுவினர் 1980இல் ஒரு முறையை எழுதி வைத்தனர். இருவருக்கிடையே நடப்பதை வீட்டிலுள்ள மூன்றாமவரிடம் கேட்பது, எந்தப் பக்கமும் சாயாதிருப்பது ஆகியவை அதன் சாரம். ஆனால் அந்த மூன்றாமவராகச் சிறு பிள்ளையை நிறுத்தக் கூடாது. "அப்பா மேல் தப்பா, அம்மா மேல் தப்பா?" என்ற கேள்வி பிள்ளையின் மனத்தை இரண்டாகப் பிளந்துவிடும்.

ஓரிடத்தில் மட்டும் இந்த நடுநிலை உதவாது. அடி உதை நடக்கும் வீட்டில் கணவனையும் மனைவியையும் அருகருகே உட்காரவைத்து, "அடிக்கிறாராம்மா?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதில்தான் வரும். உண்மை சொன்னால் அன்றிரவு வீடு திரும்பியதும் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். இங்கே சமரசத்துக்கு முன் பாதுகாப்பு. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் அமலில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சமூக நல இலாகாவின் அதிகாரம் பெற்ற அதிகாரியே 7 நாளுக்கான அவசரப் பாதுகாப்பு ஆணையை வழங்கலாம். தாலியான் காசே 15999 என்ற எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். "பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்ணைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோபுரத் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் மனமுவந்து வழங்குகிறீர்கள். அத்துடன் ஆலய வளாகத்தில் கதவு சாத்திப் பேசக்கூடிய ஓர் அறையும், பயிற்சி பெற்ற ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக இரு தொண்டர்களும் கிடைக்க உதவுங்கள். இங்கே வந்தால் தன் பேச்சையும் முழுதாகக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை ஒவ்வொருவருக்கும் வர வேண்டும். அதுவும் ஒரு திருப்பணிதான்.

எல்லாம் வல்ல இறையருள் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.