மணல் தட்டில் கட்டிய உலகம்



ஒரு குழந்தை சில நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தொட்டதற்கெல்லாம் அழுகிறது. உட்கார வைத்து, "என்னடா ஆச்சு? அம்மாகிட்ட சொல்லு" என்று கேட்கிறோம். "ஒண்ணுமில்ல" என்று பதில் வருகிறது. மறைக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அதற்குத் தம்பிமேல் ஆசையும் இருக்கிறது, அவன் இல்லாமல் போனால் தேவலை என்றும் இருக்கிறது. இதை ஐந்து வயதில் எப்படிச் சொல்வது? பெரியவர்களுக்கே சொல்ல வராது.

வார்த்தையைக் கேட்டு நிற்காமல் விளையாட விட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட், லண்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். முதல் உலகப் போருக்குப் பிறகு போலந்தில் நிவாரண வேலை செய்தவர். அவ்வளவு துயரத்திலும் சில குழந்தைகள் எப்படித் தேறி எழுகிறார்கள் என்ற கேள்வியோடு திரும்பினார். 1928இல் லண்டனில், மனக் கலக்கமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார்.

எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் தன் இரு மகன்களோடு தரையில் ஊர் கட்டி விளையாடியதைப் பற்றி 1911இல் ஒரு சிறு புத்தகம் எழுதியிருந்தார். அதை மனதில் வைத்து லோவன்ஃபெல்ட் மணிகள், வண்ணக் குச்சிகள், தீப்பெட்டிகள், குட்டிப் பொம்மைகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்தார். பிள்ளைகள் அதை அதிசயப் பெட்டி என்றார்கள். 1929இல் விளையாட்டு அறைக்குத் துத்தநாகத் தட்டுகள் வந்தன. ஒன்றில் மணல், இன்னொன்றில் தண்ணீர். பெட்டியில் இருந்ததை எடுத்து மணலில் வைத்து ஊரும் காடும் கட்டலாம் என்பது மருத்துவரின் யோசனை அல்ல. பிள்ளைகள் தாங்களாகவே செய்தார்கள். 'உலகம்' என்று பெயர் வைத்ததும் அவர்களே. அந்தப் பெயரே சிகிச்சை முறைக்கும் நிலைத்தது.

தட்டில் முதலை வீட்டை விழுங்கலாம். அம்மா பொம்மையை மணலுக்குள் புதைக்கலாம். யாரும் திட்டப்போவதில்லை, ஏனென்றால் கோபப்படுவது முதலை; குழந்தை அல்ல. பாவனைக்கு உள்ள சலுகை இதுதான். வேண்டுமானால் புதைத்ததைத் தோண்டி எடுக்கவும் செய்யலாம், அதையும் குழந்தையே முடிவு செய்யும்.

சிகிச்சையாளர் அருகில் உட்கார்ந்து பார்ப்பார், இது என்ன என்று கேட்பார், தட்டை ஒரு படமாக வரைந்து வைத்துக்கொள்வார். அதே காலத்தில் லண்டனில் இருந்த மெலனி க்ளைன், குழந்தையின் ஆட்டத்துக்கு அங்கேயே பொருள் சொல்லிவிடுவார். லோவன்ஃபெல்ட் அதற்கு உடன்படவில்லை. நம் பொருளைக் குழந்தையின் தலையில் ஏற்றக் கூடாது என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம். சிங்கம் எப்போதும் அப்பா அல்ல. சில நேரம் அது வெறும் சிங்கம்தான்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் சிலர், இன்றைக்கே சொப்புச் சாமானுக்குப் பக்கத்தில் துப்பறிய உட்கார்ந்துவிடுவீர்களோ என்று எனக்கு ஒரு பயம். "அந்தக் கெட்ட பொம்மை யாரு, டீச்சரா?" என்று ஒரு கேள்வி போதும், ஆட்டம் கலைந்துவிடும். கூப்பிட்டால் கூட விளையாடுங்கள். கொடுத்த வேஷத்தைப் போடுங்கள். கதையை நீங்கள் திருப்பாதீர்கள்.

ஆனால் விளையாட விட்டால் எல்லாம் தானே ஆறிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1976இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சௌச்சில்லா ஊரில், பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகள் கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைத்திருந்த வண்டியில் அடைக்கப்பட்டார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அவர்களைப் பின்னர் ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அதிர்ச்சிக்கு ஆளான பிள்ளைகளின் விளையாட்டில் ஒன்றைக் கவனித்தார். ஒரே காட்சி மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது, அதில் சிரிப்பில்லை, ஆடி முடித்த பிறகும் பயம் குறைவதில்லை. உங்கள் வீட்டுக் குழந்தையிடம் வாரக்கணக்கில் இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்தால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்த நிலையில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். "இவங்களுக்கு உதவி செய்ய யாராவது வர முடியுமா?" என்று ஆட்டத்துக்குள்ளிருந்தே கேட்பார், யார் வருவது என்பதை அப்போதும் குழந்தைதான் சொல்லும்.